காம்பவுண்டுச் சுவரிலிருந்து கடல்வரை: மும்பையில் பாசி பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஆகஸ்ட் மாத மும்பையில் பாசி பிடிக்காத சுவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களுக்குப் பின்பக்கம், தாராவிச் சந்துகளில் குழாய் கசிகிற இடம், செம்பூர் சொசைட்டிகளின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகளின், காம்பவுண்டு என்று எங்கு பார்த்தாலும் பச்சை. வழுக்கும் என்று ஒதுங்கி நடக்கிறோம். தீபாவளிக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். அந்தப் பச்சையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒரு விஷயம். பாசிகள் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். ஆனால் வேர், தண்டு, இலை, பூ எதுவும் கிடையாது. இப்படி வாழும் பலதரப்பட்ட உயிர்களைச் சேர்த்துத்தான் பாசி என்கிறோம். நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. பச்சைப் பாசி நம் செடிகொடிகளுக்கு நெருங்கிய சொந்தம். கடலில் வளரும் பழுப்புப் பாசிக்கும் செடிகளுக்கும் உறவு மிகத் தூரம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்கு நீலப்பச்சைப் பாசிகளே காரணம். இன்றும் பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் நுண்பாசிகளால்தான் நடக்கிறது. அவற்றில் மிகச் சிறியதான புரோகுளோரோகாக்கஸ் கடலெங்கும் கோடானுகோடியாக இருந்தும் 1980களில்தான் விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே பெயர்ப் பட்டியலைத் தேடுகிறார்கள். பெயர் பிறகு வரட்டும். இந்த இடத்தில் ஏன் இந்தப் பாசி வளர்கிறது என்ற கேள்வியோடு போங்கள். ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, வெயில் எந்தப் பக்கம், தண்ணீரில் உப்பு உண்டா, சாக்கடை கலக்கிறதா என்பதையெல்லாம் பாசியின் நிறமும் தன்மையும் காட்டிக்கொடுக்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் பாசியைப் படிக்கலாம்.

முதல் படி: கையில் வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அதை மொபைல் கேமராவின் முன் பிடித்தால் படமும் எடுக்கலாம். இன்னும் உள்ளே பார்க்க ஆசை வந்தால் ஃபோல்ட்ஸ்கோப் வாங்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது. மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஸ்லைடு, சொட்டு மருந்துக் குழல், மூடியுள்ள சின்னப் பாட்டில் எல்லாம் மரைன் லைன்ஸ் பக்கம் பிரின்சஸ் ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்கும். வெள்ளை நிற பிளாஸ்டிக் மூடி ஒன்றும் பையில் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் வைத்தால்தான் பாசியின் உண்மையான நிறம் தெரியும். ரப்பர் கையுறை, பிடிமானமுள்ள செருப்பு, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

இரண்டாம் படி: உங்கள் சொசைட்டிச் சுவர்

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை இதற்கு நல்ல காலம். மழை விட்ட ஒரு காலையில் கட்டிடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். மூன்று நிறங்கள் கண்ணில் படும்.

பச்சை, நிழலும் ஈரமும் நிற்கிற இடத்தில் இருக்கும். ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடம், மழைக்குழாய் உடைந்த இடம், வடக்குப் பக்கச் சுவர். விரலால் தொட்டால் வழவழப்பு. லென்ஸில் தூள் தூவியதுபோலத் தெரிந்தால், அல்லது முடியிழைபோலத் தெரிந்தால் அது பாசி. குட்டிக் குட்டி இலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது மாஸ் என்னும் சிறு தாவரம். பக்கத்துப் பக்கத்தில் வளர்வதால் இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். லென்ஸ் இருந்தால் சந்தேகமே வராது.

கறுப்பு, மாடியிலிருந்து கீழே கோடு கோடாக வழிந்திருக்கும். புகை என்றோ அழுக்கு என்றோ நினைப்போம். பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசி. மழை வழிகிற தடத்தில் வளர்ந்து, ஏப்ரல் மே வெயிலில் காய்ந்து, அடுத்த மழையில் மறுபடி உயிர்க்கும். அதன் உறையில் ஸைட்டோனெமின் என்ற நிறமி இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான். கறுப்பாகத் தெரிவதும் அதனால்தான். தெற்கு, மேற்குச் சுவர்களில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் அது தாக்குப்பிடிக்கிற ரகசியம் இதுவே.

மூன்றாவது ஆரஞ்சு. எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் சிறுமி ஒருநாள் சுவரைக் காட்டி, "அத்தை, சுவத்துக்குக்கூட துரு புடிக்குமா?" என்று கேட்டாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கிட்டே போய் லென்ஸை வைத்தால் வெல்வெட் துணியின் மேல்பரப்புபோல நுண்ணிய இழைகள் நிமிர்ந்து நிற்கும். பெயர் டிரென்டிபோலியா. ஆரஞ்சாக இருந்தாலும் இது பச்சைப் பாசி வகை. கேரட்டில் இருக்கும் கரோட்டின் இதன் செல்களுக்குள் துளித்துளியாகச் சேர்ந்து பச்சையத்தை மறைத்துவிடுகிறது. சொட்டுத் தண்ணீரில் ஒரு துணுக்கை வைத்து ஃபோல்ட்ஸ்கோப்பில் பாருங்கள். சங்கிலிபோல் கோத்த செல்களும் உள்ளே பொன்னிறத் துளிகளும் தெரியும். காற்றில் இருக்கும் ஈரமே இதற்குப் போதும் என்பதால் மரப்பட்டையிலும் வளரும்.

மண் தரையைப் பார்க்க மறக்காதீர்கள். மழைக்காலத்தில் பூங்கா ஓரத்திலோ மொட்டை மாடி விரிசலிலோ பச்சை ஜெல்லிபோல் சுருங்கிக் கிடப்பது நாஸ்டாக். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குவது. அக்டோபருக்குப் பிறகு அது கறுத்த சருகாகிவிடும். அந்தச் சருகை எடுத்து ஒரு தட்டில் தண்ணீர் விட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதிப் பழையபடி ஜெல்லியாகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்து காட்டாமல் விடாதீர்கள்.

நிலத்துப் பாசியில் நம்மவர் ஒருவரின் பெயர் உலகம் அறிந்தது. சென்னையில் 1886-ல் பிறந்த எம்.ஓ.பி. அய்யங்காரை இந்தியப் பாசியியலின் தந்தை என்பார்கள். ஈர மண்ணில் வளரும் ஒரு பச்சைப் பாசியை அவர் 1932-ல் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். தன் ஆசிரியர் ஃப்ரிட்ஷின் பெயரால் ஃப்ரிட்ஷியெல்லா என்று பெயர் வைத்தார். நீரில் வாழ்ந்த பாசி நிலத்துக்கு எப்படி ஏறியிருக்கும் என்று பேசும்போதெல்லாம் பாடப்புத்தகங்கள் அதை எடுத்துக்காட்டும்.

மூன்றாம் படி: மரமும் பாறையும்

போரிவலியில் இறங்கி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். உள்ளே கன்ஹேரி குகைகளுக்கு ஏறும் வழியில் மரப்பட்டைகளில் சாம்பல், வெளிர்பச்சை வட்டங்கள் ஒட்டியிருக்கும். அவை லைக்கன்கள். ஒரு பூஞ்சை வீடு கட்டிக்கொடுக்க, அதற்குள் குடியிருக்கும் பாசி சமைத்துப் போடுகிறது. குகைகளின் கருங்கல்லில் மழைநீர் வழிந்த தடமெல்லாம் கறுப்பு நீலப்பச்சைப் பாசி. பிக்குகள் பாறையில் வெட்டிவைத்த தண்ணீர்த் தொட்டிகளில் மழைக்குப் பிறகு தேங்கும் நீர் பச்சையாக இருக்கும். இங்கே பார்ப்பது மட்டும்தான். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது, குகைச் சுவரைச் சுரண்டவும் கூடாது.

நான்காம் படி: நிற்கும் தண்ணீர்

முதலில் பால்கனி. வாளியில் தண்ணீர் பிடித்து, குளத்துநீர் ஒரு ஸ்பூன் ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். கொசு முட்டையிடாமல் மெல்லிய துணியால் கட்டிவிடுவது முக்கியம். இரண்டு மூன்று வாரத்தில் நீர் பச்சையேறும். அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் நாலு நாலாக ஒட்டிக்கொண்டிருக்கும் சீனிடெஸ்மஸ், படகு வடிவ டயட்டம், துடித்து நீந்தும் யூக்ளினா இவற்றில் ஏதாவது ஒன்றாவது சிக்கும். டயட்டம்களின் ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி மாதிரி. உயிர் போன பிறகும் ஓடு அழியாது.

அடுத்து ஏரி. பவாய் ஏரிக் கரையில் நின்று பாருங்கள். பச்சையாக மிதப்பதெல்லாம் பாசி என்று எழுதிவிடாதீர்கள். ஆகாயத்தாமரை பூக்கும் தாவரம். பச்சைப் பொட்டுகள் மாதிரி மிதக்கும் டக்வீடும் பூக்கும் தாவரமே. இலை தெரிந்தால் பாசி இல்லை. தண்ணீரில் இறங்கவே வேண்டாம், பவாயில் முதலைகள் உண்டு.

குளத்துத் தண்ணீரே பச்சையாக இருந்தால் இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன. நீளமான குச்சியை விட்டுத் தூக்குங்கள். தலைமுடிபோல் இழைகள் தொங்கினால் அது ஸ்பைரோகைரா மாதிரியான இழைப்பாசி. பெரிய கெடுதல் இல்லை. பெயின்டில் முக்கி எடுத்ததுபோல் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது பாட்டில் சோதனை. கையுறை போட்டுக்கொண்டு முக்கால் பாட்டில் நீர் எடுத்து, மூடி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பாசி. மேலே ஏடுபோல மிதந்தால் நீலப்பச்சை வகை என்று சந்தேகிக்கலாம். அவற்றின் செல்லுக்குள் காற்றுப்பைகள் உண்டு, அதனால் மிதக்கும். அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் என்பது கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியது. எது எந்த வகை என்று குச்சியும் பாட்டிலும் உறுதி சொல்லாது. அதனால் அப்படிப்பட்ட நீரில் கை நனைக்காதீர்கள், நாயைக் குடிக்க விடாதீர்கள்.

வால்கேஷ்வரில் பாண்கங்கா குளத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஊற்றுநீரால் நன்னீராகவே இருக்கும் குளம். பித்ரு பட்சத்தில் கரைக்கும் பிண்டமும் பூவும் தண்ணீரில் மட்கும்போது ஆக்சிஜன் இறங்கி மீன்கள் செத்து மிதந்த செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. பாசி அளவுக்கு மீறிப் பெருகிய குளத்திலும் இதே கதைதான். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதையே சுவாசிக்கும், செத்த பாசி மட்கும்போது மிச்சத்தையும் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: கடல்

மும்பையில் இருந்துகொண்டு கடற்பாசி பார்க்காமல் இருப்பது எனக்கு மனசுக்குக் கேட்காது. ராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு இது புதிதில்லை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் பெண்களுக்கு ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும். நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடல்பாசி வருவதும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். அந்தப் பாசி வகைகள் எல்லாம் இங்கே கிடைக்காது. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்டிலும் கார்ட்டர் ரோட்டிலும் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. மழைக்காலத்து அலை பாறையை வழித்துத் துடைத்துவிடும், ஆளையும் இழுத்துவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாறைப் பக்கமே போகாதீர்கள்.

நாள் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடல்நீர் கரையேறுவது ஏற்றம், பின்வாங்குவது வற்றம். இணையத்தில் மும்பையின் ஏற்ற வற்ற அட்டவணை கிடைக்கும். அதில் வற்றம் 1 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் அப்படி அமையும். அந்த நாட்களில் மும்பையில் பொதுவாக நடுப்பகலில் ஏற்றம், காலை ஆறு ஏழு மணி வாக்கிலும் மாலை அதே நேர வாக்கிலும் வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணை புரியாவிட்டால் கோலிவாடா (மீனவர் குப்பம்) மீனவர்களிடம் "ஓஹோட்டி" எப்போது என்று கேளுங்கள், மராத்தியில் வற்றத்துக்கு அதுதான் பெயர். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, நீர் இறங்க இறங்கப் பின்தொடருங்கள். அட்டவணையில் உள்ள வற்ற நேரம் வந்ததும் கரைக்குத் திரும்பத் தொடங்கிவிடுங்கள். ஏற்றம் முதுகுக்குப் பின்னாலிருக்கும் பள்ளங்களை முதலில் நிரப்பும். தனியாகப் போக வேண்டாம்.

கரையிலிருந்து கடலை நோக்கி நடக்கும்போது பாசிகள் மாறிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். அலைத்துளி மட்டும் தெறிக்கும் மேல் பாறையில் கறுப்புப் பூச்சு. சுவரில் பார்த்த நீலப்பச்சைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கொஞ்சம் கீழே பளீரென்ற பச்சையில் உல்வா. சில வகை தாள்போல, சில வகை குழாய்போல. தாள் வகையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் ரேகை தெரியும். அதன் தடிமனே இரண்டு செல் அடுக்குதான். சாக்கடை வந்து விழும் இடத்தில் உல்வா மட்டும் தழைத்து மற்றவை காணாமல் போனால், அந்த நீரில் நைட்ரஜன் அதிகம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அதற்கும் கீழே, நீர் தேங்கும் பாறைக் குழிகளில் விசிறி விசிறியாக வெளிறிய பழுப்பில் நிற்பது பாடினா. விசிறியில் வளைவு வளைவாக வெண்ணிறப் பட்டைகள் தெரியும், தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து மேலே பூசிக்கொள்வதால். சிறு மணிகள் கோத்ததுபோல் காற்றுக்குமிழ்களோடு ஆடுவது சர்காசம், நம் ஊர்க் கட்டக்கோரை. குமிழ் இல்லாவிட்டால் அது வெளிச்சத்துக்கு நிமிராது. அடிப்பகுதியில் வேர்போல் தெரிவது பாறையைப் பிடித்துக்கொள்ளும் கை மட்டுமே. தண்ணீரையும் சத்தையும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சுகிறது. பாறையில் இளஞ்சிவப்புச் சிமென்ட் பூசியதுபோல் இருந்தால் தட்டிப் பார்க்க வேண்டாம், அதுவும் உயிருள்ள செம்பாசிதான். கௌலெர்ப்பா கிடைத்தால் அதிர்ஷ்டம். தண்டு ஓடி, இறகுபோல் கிளைத்து, பார்க்க முழுச் செடியாக இருக்கும். ஆனால் அத்தனையும் தடுப்பில்லாத ஒரே ஒரு செல்.

குழிக்குள் கையை விடாதீர்கள். கடல்முள்ளி, தேள்மீன், விஷமுள்ள கூம்புச் சங்கு எல்லாம் பாசி மறைவில் இருக்கும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். கீழே ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும். இந்தக் கரையில் எடுத்த பாசியைச் சமைக்கக் கூடாது. நகரத்துக் கழிவுநீரில் வருவதையெல்லாம் அது உறிஞ்சி வைத்திருக்கிறது.

ஆறாம் படி: சேறு

ஹார்பர் லைனில் சிவ்ரி இறங்கினால் தாணே ஓடைச் சேற்றுவெளி. வற்றத்தில் ஈரச் சேறு தங்கப் பழுப்பாக மினுங்கும். நீர் இறங்கியதும் வெளிச்சத்துக்காகச் சேற்றின் மேலே ஊர்ந்து வந்த டயட்டம் கூட்டம் அது. ஏற்றம் வருமுன் திரும்பவும் கீழே போய்விடும். நவம்பர் வாக்கில் வந்து மே வரை தங்கும் சிறு பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் வடிகட்டித் தின்பது இந்த டயட்டம்களையும் நீலப்பச்சைப் பாசியையும்தான். சிறகின் ரோஜா நிறமும் பாசியிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் தந்தது. ஓடையின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமானது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஐரோலியிலிருந்து படகில் போனால் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம், பருவத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் கருஞ்சிவப்பாக முடிச்சு முடிச்சாகப் படர்ந்திருக்கும் செம்பாசிகளையும் படகிலிருந்தே லென்ஸ் இல்லாமல் கவனிக்கலாம்.

இவ்வளவும் பழகிய பிறகு கொஞ்சம் தூரமாகப் போகலாம். வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி வெந்நீர் ஊற்றுகளில் நீர் வழிந்தோடும் கல்லைப் பாருங்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில 70 டிகிரிச் சூட்டையும் தாங்கும். குளிர்கால இரவுகளில் சில சமயம் ஜுஹு அலையில் நீல ஒளி மின்னினால் அது நாக்டிலூக்கா. தானே மற்ற நுண்ணுயிர்களைத் தின்னும் ஒற்றைச் செல் அது. அரபிக்கடலில் உள்ளது தன் உடலுக்குள் பச்சைப் பாசிகளையும் குடிவைத்திருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு மகாராஷ்டிரத்து லோனார் ஏரி நல்ல பாடம். 2020 ஜூனில் அது இளஞ்சிவப்பானபோது உப்புநீரில் சிவக்கும் டுனாலியெல்லா பாசிதான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். புணே அகார்கர் ஆய்வு நிறுவனம் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, பாசியே அல்லாத, உப்பில் வாழும் ஹாலோஆர்க்கியா நுண்ணுயிர்களே காரணம் என்று தெரிந்தது.

ஏழாம் படி: எடுத்து வைப்பது

பாறையிலிருந்து பிடுங்காதீர்கள். அலை கரையில் ஒதுக்கிய பாசியே போதும். வீட்டுக்கு வந்ததும் கடல்நீரிலேயே மணலை அலசுங்கள். அகலத் தட்டில் நீர் ஊற்றி, கெட்டியான வரைபடத் தாளைத் தண்ணீருக்குள் போட்டு, அதன்மேல் பாசியை மிதக்க விடுங்கள். ஈர்க்குச்சி நுனியால் கிளைகளைப் பிரித்துவிடுங்கள். பிறகு தாளை ஒரு பக்கம் சாய்த்து மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்துவிடும். மேலே பழைய வேட்டித் துண்டு, அதன்மேல் நாலைந்து செய்தித்தாள், கடைசியில் கனமான புத்தகங்கள். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள், துணியை மட்டும் நன்றாகக் காயும்வரை எடுக்காதீர்கள். பெரும்பாலான பாசிகள் தங்கள் பசையிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். சர்காசம், பாடினா போன்ற முரட்டு வகைக்குக் கொஞ்சம் கோந்து வேண்டும்.

காய்ந்ததும் தாளின் வலது கீழ் மூலையில் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, இடம், வற்ற நேரம், வற்ற அளவு, பாறையா மணலா சேறா, பக்கத்தில் சாக்கடை விழுகிறதா, உயிரோடு இருந்தபோது என்ன நிறம். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெயரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், மற்ற விவரங்களை அன்றே எழுதிவிடுங்கள்.